பெட்ரோல் முள்

பின்சீட்டைத் தூக்கியதுமே ஜெபமணிக்குத் தெரிந்துவிட்டது. பெட்ரோல் அளவை முள்ளுக்குச் சொல்லும் டேங்க் மிதவையிலிருந்து வரும் எர்த் வயர், பாடியில் சேரும் இடத்தில் பச்சை பூத்து இற்றுப்போயிருந்தது.

போன மழைக்காலத்தில் இதே கார், முள் இறங்குகிறது என்ற இதே புகாரோடு அவருடைய பட்டறைக்கு வந்தது. அப்போது அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்ததோடு சரி. "மீட்டர்ல ஒண்ணுமில்ல டாக்டரம்மா. பெட்ரோல் எங்க போவுதுன்னு உங்க டிரைவரக் கேளுங்க" என்றார். "சீட்டத் தூக்கி ஒரு தடவ பாருங்கண்ணே" என்று டிரைவர் காசிம் கெஞ்சினான். பட்டறையே சிரித்தது. அன்றே அவனுக்கு வேலை போனது.

இன்று டாக்டரம்மாவே ஓட்டி வந்திருந்தார். சாவியைத் திருப்பி வைத்து, முன்சீட்டில் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெபமணி வயரைச் சுரண்டிவிட்டு விரலால் பாடியோடு அழுத்தினார்.

"ஏறுது, ஏறுது! ஃபுல் காட்டுது!" என்று சின்னப்பிள்ளை மாதிரி கத்திய டாக்டரம்மா சட்டென்று அடங்கினார். "அப்ப காசிம்..." என்றார்.

ஜெபமணி தலையை வெளியே எடுக்கவில்லை. மாட்ட வேண்டிய போல்ட் பக்கத்திலேயே கிடந்தது. விரலை எடுத்தால் முள் மறுபடியும் விழுந்துவிடும், காசிம் மறுபடியும் திருடனாகிவிடுவான் என்பதுபோல், வயரை அழுத்திப் பிடித்தபடியே குனிந்து கிடந்தார்.