புதன்கிழமை ரியூசன்

"ஜெயமலர் அக்கா, உங்கட கம்சனாவும் ரியூசனுக்குப் போறாளாமே! உண்மையோ?"

தேவாலய மண்டபத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் கேட்கட்டும் என்றுதான் பிறின்சி கேட்டாள்.

ஜெயமலரின் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு சிரித்தாள்.

"ஓம் பிறின்சி. கணக்கு அவளுக்கும் கொஞ்சம் இடிக்குது."

வீடு வரும்வரை பிறின்சிக்குக் கால் தரையில் பாவவில்லை.

பின்னே? ஜேர்மனியின் வுப்பர்டால் நகரத் தமிழ்ச்சனம் முழுக்க வாய் பிளந்து பார்க்கும் பிள்ளை கம்சனா. அவளோடு படித்த பிறின்சியின் மகள் லவினியாவோ, கணக்கில் தோற்று அதே வகுப்பில் திரும்பவும் இருக்கிறாள். இன்னொருமுறை தோற்றால், யூனிக்கு, அதாவது பல்கலைக்கழகத்துக்கு, வழிவிடும் கிம்னாசியம் பள்ளிக்கூடத்தை விட்டே வெளியே. அந்தப் பயத்தில் பிறின்சிக்குச் சோறு இறங்குவதில்லை.

"கம்சனாவைப் பார்! அவளைப் பார்த்தாவது படி!"

அவள் கத்தக் கத்த, லவினியா அறைக்கதவைப் பூட்டிக்கொண்டு கிடந்தாள். ரியூசன் என்றாலோ, "அது மொக்குகள் போற இடம். நான் போகமாட்டன்!"

அப்படியிருக்க, முந்தின புதன்கிழமை கம்சனாதான் வந்து கூப்பிட்டிருந்தாள்.

"நானும் போறனடி. வேற இடம், ஆனால் உன்ர பஸ்தான். தனியப் போக அலுப்பாக் கிடக்கு, வாறியா?"

அன்றிலிருந்து இருவரும் புதன் தவறாமல் போனார்கள். பிறின்சியின் கத்தலும் நின்றது. பார்க்கச் சொல்ல இனி யார் இருக்கிறார்கள்? லவினியா கணக்குப் போடும்போது, பிறின்சி தேநீரோடு பக்கத்தில் போய் உட்காரத் தொடங்கினாள்.

கோடை விடுமுறைக்கு முன் லவினியா தேறிவிட்டாள்!

பிறின்சி கேக் செய்து மண்டபத்துக்குக் கொண்டுபோனாள். யூனியில் படிக்கும் கார்த்திகன் ஒரு துண்டை வாயில் போட்டபடி கேட்டான்.

"கம்சனா பாஸ் பண்ணினதுக்கோ அன்ரி?"

"அவள் என்னத்தைப் பாஸ் பண்ணினவள்?"

"தெரியாதே? புதன்கிழமையில எங்களோட யூனியில இருந்தெல்லோ கணக்குப் படிக்கிறாள்! பள்ளிக்கூடத்தில படு கெட்டிக்காரரைத்தான் அப்பிடி விடுவினம். சோதினையும் பாஸ். நாளைக்கு யூனிக்கு வரேக்க அந்தப் பாடம் திரும்பப் படிக்கத் தேவையில்லை. புள்ளி இப்பவே அவளின்ர கணக்கில சேர்ந்திட்டுது."

பிறின்சி கேக் வெட்டிய கத்தியை வைத்தாள். ஜெயமலரைத் தேடிப்பிடித்து ஒரு மூலைக்கு இழுத்தாள்.

"ஏனக்கா அண்டைக்கே சொல்லேல்லை? அத்தனை பேருக்கு முன்னால உங்கட பிள்ளையை நான்..."

"உஸ்ஸ்! லவினியாவுக்குக் கேட்டிடும். கம்சனாவும் ரியூசனுக்குப் போறாள் எண்டு நம்பித்தானே அது போகுது? சொல்லக்கூடாதெண்டு என்ர மகள் சத்தியம் வாங்கிப்போட்டாள்."

வீடு திரும்பும்போது மகளின் முகத்தைப் பார்க்கவே பிறின்சிக்குக் கூசியது.

"லவினியா... கம்சனா போற அந்த ரியூசன்..."

"யூனி. அதுதானே?" லவினியா சிரித்தாள். "நான் இறங்கினாப்பிறகு அந்த பஸ் மலைக்கு மேல யூனிக்கு மட்டுந்தான் போகும், அம்மா. எனக்கு முதல்நாளே விளங்கிட்டுது."

"பிறகேன் என்னட்டச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீங்கள் திரும்பவும் 'கம்சனாவைப் பார்' எண்டு தொடங்குவீங்கள்."

லவினியா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த வருசந்தானே அம்மா, நீங்கள் என்னைப் பார்த்தனீங்கள்."