மரியாதைக்குக் கட்டவில்லை

கார்ப்பெட் கழுவும் மெஷின் மூச்சு வாங்கியபடி பலகை வழியாக வேனுக்குள் ஏறி நின்றது. நல்ல கனம். மூலையில் சுருண்டு கிடந்த கயிறு எழுந்து வந்தது.

"அண்ணே, கொஞ்சம் ஒட்டி நில்லுங்க, கட்டிடுறேன். வேன் பிரேக் போட்டா நீங்க பறந்துடுவீங்க."

வேனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "அப்போ என் ஓட்டத்து மேல நம்பிக்கை இல்லைன்னு சொல்லுங்க."

"ஐயையோ, அப்படியெல்லாம் இல்லீங்க!" மெஷின் பதறிப்போய்க் கயிற்றைத் தள்ளிவிட்டது. "உங்க வண்டியில ஏறிட்டுக் கட்டிக்கிட்டா, அது உங்களை அவமானப்படுத்துற மாதிரி."

மரியாதை தெரிந்தவரை ஏற்றிய குஷியில் வேன் வேகமாகவே போனது. தெருமுனையில் ஓர் ஆடு குறுக்கே வந்தது. வேன் பிரேக் போட்டது. மெஷின் பறந்து, முன் சீட்டைத் தாண்டி, கண்ணாடியை உடைத்துக்கொண்டு பாதி உடம்பு வெளியே தொங்க நின்றது.

"அடி ஒண்ணும் பலமில்லையே?" என்றது வேன்.

"சேச்சே, நல்லா காத்து வருது. உங்க கண்ணாடிதான் பாவம்..."

"அது கிடக்கட்டும் விடுங்க, நீங்க வேற."

பிறகு இருவரும், ஒரு கீறல்கூட இல்லாமல் மூலையில் கிடந்த கயிற்றைத் திரும்பி முறைத்தார்கள்.

"கிளம்பும்போதே அபசகுனமா வாய வச்சே. இப்ப திருப்திதானா?"