மாமாவின் அழுகுணி ஆட்டம்

மாமாவின் மூக்கை நான் உடைத்த கதை இது. சிரிப்புக்கு நான் பொறுப்பு. ஆனால் கொஞ்சம் பொறுங்கள், முதலில் அம்மா கத்தி முடிக்கட்டும்.

"நாலு நாளா நின்னுக்கிட்டே சாப்பிடறோம். இது சாப்பாட்டு மேசையா, போர்க்களமா?"

போர்க்களம்தான். செருப்புப் பெட்டியை வெட்டி இரண்டு கோட்டை. பாட்டில் மூடியெல்லாம் சிப்பாய். துணி கிளிப்பில் ஐஸ் குச்சியை ஒட்டினால் பீரங்கி, காகித உருண்டைதான் குண்டு. அட்டையை மடித்து ஒட்டிய இரண்டு பகடையில் சிவப்பு தம்பிக்கு, நீலம் மாமாவுக்கு. நாற்பது பக்க நோட்டு ஒன்றில் போர்ச் சட்டங்கள். எழுதியது எட்டு வயசுத் தம்பி. மீறுவது நாற்பது வயசு மாமா.

மாமா நிலம் அளக்கும் சர்வேயர். ஊரார் நிலத்தை இம்மி பிசகாமல் அளப்பார். இந்த மேசையில் மட்டும் டேப்பின் பூஜ்யத்தைப் பீரங்கி வாயிலிருந்து இரண்டு விரல் தள்ளி வைப்பார்.

"பன்னெண்டு சென்டிமீட்டர்தான். குண்டு எட்டும். உன் சிப்பாய் காலி."

"டேய், அளக்கறதுல கூடவா குழந்தைகிட்ட திருட்டுத்தனம்?" அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "இவனைப் பேச வைக்க வழி பாருன்னு உன்கிட்ட சொன்னேன் பாரு, என்னைச் சொல்லணும்."

அது வேறு கதை இல்லை, இதே கதைதான். வீடு மாறி, பள்ளிக்கூடம் மாறியதிலிருந்து தம்பி ஊமைக்கோட்டானாகிவிட்டான். "ம்", "ம்ஹும்". அவ்வளவுதான். டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டு, மூக்காலேயே சொல்லிவிட்டார்: "வர்ற வெள்ளிக்கிழமை வகுப்பு முன்னாடி ஒரு பக்கம் சத்தமா வாசிக்கணும். இல்லன்னா அடுத்த வருஷமும் இதே வகுப்புதான்."

அந்த மூக்குக் குரல் எனக்கு அச்சு அசலாக வரும். அம்மா குரல் வரும். கீழ்வீட்டுப் பல் டாக்டர் இருமலோடு வருவார். மாமா என்னைக் கூப்பிடுவதே 'ரேடியோ' என்றுதான். தம்பி குரல் மட்டும் வராது. கேட்டுப் பழக அவன் எங்கே வாயைத் திறந்தான்?

இப்படிப்பட்ட பிள்ளையிடம் மாமா அழுகுணி ஆட்டம் ஆடினார். முதல் நாள் தம்பி தலையை மட்டும் ஆட்டி மறுத்தான். மறுநாள் "தப்பு" என்றான். மூன்றாம் நாள் "ஏமாத்தறீங்க மாமா" என்று கத்தியேவிட்டான். அவனையே கத்த வைத்தார் என்றால் எவ்வளவு படுத்தியிருப்பார், பாருங்கள்.

எனக்கு முதல் நாளே பற்றிக்கொண்டு வந்தது. அதனால்தான் இரண்டாம் நாளே, மாமா கை கழுவப் போன நேரம், நீலப் பகடையைப் பிரித்து, ஆறு உள்ள பக்கத்தின் உட்புறம் களிமண்ணை அப்பி, திரும்ப ஒட்டிவிட்டேன். இனி எப்படி உருட்டினாலும் ஒன்றுதான். ஒன்று விழுந்தால் வாய்ப்பு எதிராளிக்கு.

இன்றும் அப்படியே. ஒன்று. மறுபடி ஒன்று. நான் கதவுக்குப் பின்னால் நின்று அம்மா குரலில், "போதும், எழுந்திருடா" என்றேன்.

"இதோக்கா" என்று மாமா பாதி எழுந்தார்.

"நான் எங்கடா கூப்பிட்டேன்?" சமையலறையிலிருந்து நிஜ அம்மா.

மாமா உட்கார்ந்து, மீண்டும் உருட்டினார். ஒன்று.

"சரி, ஒண்ணு விழுந்தா இன்னொரு தடவை போடலாம்" என்றார், கூசாமல்.

"அப்படிச் சட்டம் இல்ல" என்றான் தம்பி.

"இருக்கு."

"எங்க இருக்கு?"

"கண்ணாடி கொண்டு வரல. இருக்குன்னா இருக்கு."

தம்பி நோட்டை எடுத்துக்கொண்டு நாற்காலி மேல் ஏறினான். முகம் சிவந்திருந்தது. "நாலாம் பக்கம். ஒன்று விழுந்தால் வாய்ப்பு எதிராளிக்குப் போகும். இரண்டாம் தடவை போடக் கூடாது..."

"காதுல விழல."

"டேப்பின் பூஜ்யம் பீரங்கி வாயை ஒட்டி இருக்க வேண்டும்! தள்ளி வைத்தால் ஒரு சிப்பாய் கழிக்கப்படும்! உங்களுக்கு இதுவரை ஒன்பது சிப்பாய் போச்சு மாமா!"

அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். "வெக்கமா இல்லையாடா உனக்கு? வாயில்லாப் பூச்சியை இப்படியா கத்த வைப்ப?"

"கத்தறானாக்கா?" என்று மாமா சாதுவாகக் கேட்டார்.

பதில் சொல்ல வாயெடுத்த அம்மா, தம்பியைப் பார்த்தாள். கரண்டி அந்தரத்திலேயே நின்றது.

எனக்கு இன்னும் உறைக்கவில்லை. மூக்குடைப்பு பாக்கி இருந்ததே. வக்கீல் குரலில் ஆரம்பித்தேன். "கனம் சர்வேயர் அவர்களே, தங்களுக்கு மட்டும் ஒண்ணா விழுதே, ஏன்னு யோசிச்சதுண்டா?"

"களிமண்ணா? முந்தாநாளே பிரிச்சுப் பார்த்துட்டு, பழையபடி ஒட்டி வெச்சுட்டேன். நல்ல உதவி பண்ணின. ஒண்ணு விழ விழத்தானே நான் சட்டத்தை மாத்த முடியும்?"

"எதுக்கு மாத்தணும்?"

மாமா காதில் கை வைத்துக் காட்டினார். தம்பி, யாரும் கேட்காமலே, ஐந்தாம் பக்கத்தைப் புரட்டி, கீழ்வீட்டுப் பல் டாக்டருக்கும் கேட்கும்படி வாசித்துக்கொண்டிருந்தான்.

"உனக்கு இவன் குரல்தானே கிடைக்கல, ரேடியோ? நல்லாக் கேட்டுக்கோ."