எட்டு மில்லி போல்ட்

"மில்லிமீட்டரா? அதெல்லாம் நம்ம கடையில கிடையாதும்மா. இங்க எல்லாம் இன்ச்சுதான்."

லொரெட்டா நீட்டிய போல்ட்டைக் கடைக்காரர் ஆர்லன் ஷ்ராக் கையால்கூடத் தொடவில்லை. மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்ததோடு சரி.

லொரெட்டாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. டென்வரில் மகளுக்கு இடுப்புவலி கண்டுவிட்டதாக விடியற்காலையில் மருமகன் போன் செய்திருந்தான். தலைப்பிரசவம். தன் ஜப்பான் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். கேன்சஸ் எல்லையைத் தாண்டுவதற்குள் முன்சக்கரத்தில் கடகடவென்று சத்தம். பிரேக்கைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டில் ஒன்றைக் காணோம். பின் பிரேக்கை நம்பி ஊர்ந்து வந்து சேர்ந்த ஊரில் ஒரே ஒரு இரும்புக்கடை. மிச்சமிருந்த போல்ட்டை மாதிரிக்குக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்திருந்தாள்.

"எட்டு மில்லி, ஐயா. உலகம் பூரா இதைத்தான் மாட்டுறாங்க."

"உலகம் பூரா மாட்டட்டும். இந்த ஊர்ல மில்லி கேட்டு வந்ததுல நீ நாலாவது ஆளு."

"அந்த மூணு பேர் என்ன ஆனாங்க?"

"நடந்து போனாங்க."

லொரெட்டா பல்லைக் கடித்துக்கொண்டாள். தானே இழுப்பறைகளைத் துழாவி, இன்ச் கணக்கில் ரெண்டரை நூல் கனமுள்ள போல்ட் ஒன்றை எடுத்தாள். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருந்தன.

"இதைக் கொடுங்க. கொஞ்சம் இறுக்கினா போயிடும்."

"எங்க மாட்டப் போற?"

"மட்கார்டுல."

ஆர்லன் கண்ணாடிக் கதவு வழியாக வெளியே பார்த்தார். அவள் வண்டியின் முன்பிரேக், ஒரு கம்பியால் கட்டப்பட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் கையிலிருந்த போல்ட்டைப் பிடுங்கி இழுப்பறையில் போட்டு மூடினார்.

"தர மாட்டேன்."

"விக்கத்தானே கடை வச்சிருக்கீங்க?"

"இதுக்கு மரை வேற. ரெண்டு சுத்து போகும். மூணாவது சுத்துல மரையைத் தின்னுடும். எதிர்ல சாப்பாட்டுக் கடை இருக்கு, போய் உக்காரு."

"என் பொண்ணு அங்க ஆஸ்பத்திரியில பிரசவ வலியில துடிச்சிட்டிருக்கா. என்னைக் காபி குடிக்கச் சொல்றீங்களா?"

"சரி, கிளம்பு. கடையைச் சாத்தணும்."

மணி பதினொன்றுகூட ஆகவில்லை. லொரெட்டா படியிறங்குவதற்குள் முதுகுக்குப் பின்னால் பூட்டு விழுந்தது. கண்ணாடியில் தொங்கிய பலகையை 'மூடியிருக்கிறது' பக்கம் திருப்பிவிட்டு, கிழவர் கொல்லைப்புறமாகப் போய்விட்டார்.

சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து நாலு இடத்துக்கு போன் போட்டாள். மெக்கானிக் நாளைக்குத்தான் வருவானாம். வண்டியை ஏற்றிப் போகும் லாரி சாயங்காலம்தானாம். மகளின் போனை யாரும் எடுக்கவில்லை.

இரத்தம் கொதிக்க, போனில் ஊர்க்காரர்கள் கடைகளுக்கு மார்க் போடும் பக்கத்தைத் திறந்தாள். ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்துவிட்டு எழுதினாள்.

'எட்டு மில்லி, ஒன்றே கால் மரை, முப்பது நீளம். உலகத்தில் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் போல்ட். இங்கே இல்லை. வெளிநாட்டு வண்டி என்றால் இந்தக் கிழவருக்கு இளக்காரம். ஆபத்தில் நிற்கிற பெண்ணை வெளியே தள்ளிக் கடையைச் சாத்தினார். யாரும் இந்தப் பக்கம் போகாதீர்கள்.'

காபி ஊற்ற வந்த பணிப்பெண் நடீனிடம் காட்டினாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கே," என்றாள் நடீன். "ஆனா ஆர்லன் பட்டப்பகல்ல கடையைச் சாத்தி நான் பார்த்ததே இல்லையே."

பன்னிரண்டரைக்கு ஒரு பழைய பிக்கப் வண்டி வந்து நின்றது. ஆர்லன் இறங்கினார். நேராக மோட்டார் சைக்கிளிடம் போய் முழங்கால் போட்டு உட்கார்ந்தார். லொரெட்டா தெருவைக் கடந்து ஓடினாள். அவர் விரலிடுக்கில் புத்தம்புது போல்ட் ஒன்று.

"உன்கிட்ட இருக்கிறதையும் கொடு."

முதலில் வெறும் கையாலேயே சுற்றினார். வெண்ணெயில் போவது போலப் போயிற்று. பிறகு ஸ்பேனரை எடுத்து இறுக்கினார்.

"எங்க கிடைச்சுது?"

"நாப்பது மைல் தள்ளி, டிராக்டர் ரிப்பேர் பண்றவன்கிட்ட. நம்ம ஊர் டிராக்டரும் இப்ப மில்லிக்கு மாறிடுச்சாம். கேவலம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாமே, ஐயா."

"சொல்லிட்டுப் போயி வெறுங்கையோட வந்து நிக்கறதா? பிள்ளை பெத்துக்கப் போற பொண்ணோட அம்மாகிட்ட?"

லொரெட்டாவுக்கு முகம் சுட்டது. பையிலிருந்த போனைத் தொட்டுப் பார்த்தாள். மறைத்துவிட்டுப் போய்விடலாம். ஏனோ மனசு வரவில்லை.

"ஐயா, நான் ஒரு காரியம் பண்ணிட்டேன். நெட்டுல உங்க கடையைப் பத்தி..."

"தெரியும். என் மக போன் போட்டுப் படிச்சுக் காட்டினா."

"எப்ப?"

"போற வழியில."

அவளால் நிமிர முடியவில்லை. "அதுக்கப்புறமுமா போனீங்க? இப்பவே அழிச்சிடறேன்."

"அவசரமில்ல." ஆர்லன் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தார். "மாதிரி போல்ட்டை நீ கையோட கொண்டுபோயிட்டே. நீளத்தைக் கேக்க மறந்துட்டோமேன்னு வண்டியை ஓரங்கட்டித் திருப்பப் போனேன். அப்பத்தான் அவ போன் வந்தது. நீ அளவு போட்டுத் திட்டினதை அப்படியே எழுதிக்கிட்டுப் போயி, அந்த டிராக்டர்காரன்கிட்ட படிச்சுக் காட்டித்தான் வாங்கினேன்."