ஒன்பது ஜோடி

"கவுத்துடுறேன், ராக்காயி."

"கவுத்துத்தான் பாரேன், அப்புறம் தெரியும்."

"நான் சொல்றதக் கொஞ்சம்..."

"நீ சொன்னதக் கேட்டுத்தான் பத்து வருசமா நடுவீட்டுல கெடந்து பொகையத் தின்னுக்கிட்டு இருக்கேன். கவுக்காத."

புருஷன் அம்மாசியும் பெண்சாதி ராக்காயியும் ஒரே நேரத்தில் பேசியதில், எதிரே பாயில் உட்கார்ந்திருந்த பழனியாண்டிக்குப் பாதிதான் காதில் விழுந்தது. அவன் தன் மூன்று சீட்டையும் முகம் தெரியாமல் பாயில் வைத்துவிட்டு வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தான்.

மலாயாவில், கரங்கானிலிருந்து ஆறு மைல் உள்ளே போனால் அந்த ரப்பர்த் தோட்டம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். விடியலில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டும் கிடையாது, பால் வெட்டும் கிடையாது.

அம்மாசியின் கையில் இரண்டு ஒன்பது, கூட ஒரு நாலு. மூன்று சீட்டு ஆட்டத்தில் ஒன்பது ஜோடி ஒரு தினுசான கை. தூக்கிப் போட மனசு வராது, நம்பிக் கட்டத் தைரியமும் வராது. வெறுங்கையோடு மிரட்டுகிறவனை அது அடித்துவிடும்; ராணி ஜோடி, ராஜா ஜோடி வைத்திருப்பவனிடம் அடிபட்டுப் போகும். பயந்து கவிழ்த்தாலோ, கட்டியதெல்லாம் எதிராளிக்கு.

மற்ற நாளில் அம்மாசி சீட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆடுவான், காற்றுக்குக்கூடக் காட்டமாட்டான். இன்றைக்கென்னவோ, ராக்காயி தோளுக்குமேல் எட்டிப் பார்க்க வாகாய் விரித்து வைத்திருந்தான்.

முதலில் ஆளுக்கொரு சேவல் கட்டினார்கள். அப்புறம் ஆளுக்கொரு பெட்டை. அதோடு நிற்கும் என்று பார்த்தால், பழனியாண்டி தொண்டையைச் செருமிக்கொண்டு, "என் கடைசி வீட்டக் கட்டுறேன்" என்றுவிட்டான். "நீ செயிச்சா வீட்ட மாத்திக்குவோம். தோத்தா, உன் ஆட்ட என் கொட்டாய்க்கு ஓட்டிவிடு."

கூலிக்காரர் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாய் நிற்கும் லயத்தின் கடைசி வீடு. ராக்காயி மனசுக்குள் எத்தனையோ தரம் அங்கே பால் காய்ச்சிக் குடியேறியிருக்கிறாள். ஒரு பக்கம் முழுக்க வெளிச்சுவர். அதில் ஒரு சன்னல், சன்னலுக்கு வெளியே நாலு பாத்தி போட இடம். நடுவீட்டிலோ இந்தச் சுவருக்கு அப்பால் இருமல், அந்தச் சுவருக்கு அப்பால் சண்டை. நடுவில் மூன்று பிள்ளைகளும் அடுப்புப் புகையும்.

"அவன் கையில பெருசு இருக்குடி. மூஞ்சியப் பாரு."

"மூஞ்சியத்தான் பாக்குறேன். பெருசு இருக்கறவரு எதுக்கு அந்தக் காம்பப் போட்டு அந்தப் பாடு படுத்துறாரு? பயம்."

"ஆடு போயிரும். குட்டி போடப்போற ஆடு."

"அந்த ஆட்ட வாங்காதன்னு குதிச்சது யாரு?"

ராக்காயி அப்படித்தான் குடும்பம் நடத்தி வந்தாள். அவன் வேண்டாம் என்றதையெல்லாம் செய்தாள். செய்ததெல்லாம் நன்றாகவே முடிந்தது. ஆடு அப்படி வந்ததுதான். மூத்தவள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போவதும் அப்படித்தான்.

"வெயில் எறங்குது தங்கச்சி. ஒரு முடிவு சொல்லுங்கலா" என்றான் பழனியாண்டி.

"இருங்கண்ணே. இந்த மனுசனுக்குக் கள்ளுக்கடைக்கு ரெண்டு மைல் நடக்கக் கால் இருக்கு, ஒரு ஆட்டக் கட்ட நெஞ்சு இல்ல."

"நல்லதுக்குச் சொல்றேன் ராக்காயி. அந்த வீடு நமக்கு ஒத்து வராது."

அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. அவன் கையைப் பிடித்து அவளே பாயில் தட்டினாள். "ஆட்டக் கட்டியாச்சு. இப்ப நீங்க சொல்லுங்கண்ணே."

பழனியாண்டி சீட்டை எடுத்து ஒரு தரம் பார்த்தான். கன்னத்தைச் சொறிந்தான். "முடியல தங்கச்சி. நான் கவுத்துக்கிறேன்."

சீட்டைக் கட்டுக்குள் அவன் சொருகும்போது விரல் கொஞ்சம் விலகியது. ராக்காயி பார்த்துவிட்டாள். ஒரு ராணி. அதற்குப் பின்னால் இன்னொரு ராணி.

ராணி ஜோடியை வைத்துக்கொண்டா ஒன்பதுக்குப் பயந்தான்? ஆட்டம் தெரியாத மனுஷன், பாவம். இது அவனுக்கு உறைப்பதற்குள் காரியத்தை முடித்துவிட வேண்டும்.

"எந்திரிய்யா. அண்ணே, நீங்களும் வாங்க. கிராணி ஐயா வீட்டுக்குப் போவோம்."

"நாளைக்குப் பாத்துக்கலாமேடி" என்றான் அம்மாசி.

"இன்னைக்கே."

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி கனகரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர். வீடு மாற்றுவதில் வெகு கறார். ஆண்கள் ஆயிரம் சொன்னாலும் எழுதமாட்டார். அடுப்பு மூட்டுகிற பெண்கள் வந்து கைநாட்டு வைக்க வேண்டும். வைத்துவிட்டால் ஒரு வருஷத்துக்கு அழுதாலும் புரண்டாலும் மாற்றம் கிடையாது.

பழனியாண்டியின் பெண்சாதி கூப்பிட்ட குரலுக்கு ஓடிவந்து வைத்துவிட்டுப் போனாள். ராக்காயி பெருவிரலை மையில் தோய்த்து, காகிதம் கிழிந்துவிடும்போல் அழுத்தினாள்.

"இனி யாராச்சும் மாத்த முடியுமாங்கய்யா?"

"தொரை வந்தாலும் ஏலாது."

ராக்காயி திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அம்மாசி வாசலுக்கு வெளியே நின்று பப்பாளி மரத்தை வெகு கவனமாய்ப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கிராணி காகிதத்தில் மையை ஒற்றினார். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"அடுத்த கிழமை கள்ளுக்கடையை அந்தக் கடைசி வீட்டோடை ஒட்டி மாத்தப் போகினம் எண்டு அம்மாசிக்கு முந்தநாளே சொன்னனான், உன்னட்டைச் சொல்லேல்லையோ, பிள்ளை?"