படகுக்கு இன்னொரு ஓட்டை

புதுசாக வெள்ளைப் பெயிண்ட் அடித்த படகில், தெருவே பார்க்க, ஹசன் அலி ஒரு ஓட்டை போட்டுவிட்டார்.

"துபாய்ல இப்படித்தான் வேலை பாத்தீரா? அடைப்பெடுக்கத் தெரியல, ஓட்டை போட மட்டும் தெரியுதோ?"

ஜேசுதாசன் சார் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய் எழுந்து வேறு இடம் பார்த்துப் படுத்தது.

பாளையங்கோட்டையில் ஏது படகு என்று கேட்பீர்கள். கப்பலில் இன்ஜினியராக இருந்த சார், பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கி, லாரியில் ஏற்றிவந்து, வீட்டுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில் கட்டை கொடுத்து நிறுத்தியிருந்தார். ஒரு பக்கம் தெருவைப் பார்த்திருக்கும். மறுபக்கம் சமையல்கட்டு ஜன்னலைப் பார்த்திருக்கும். செப்பம் பண்ணித் தூத்துக்குடியில் இறக்க வேண்டும்.

தெருவே வந்து பார்த்தது. பாயைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் ஒரே சந்தேகம்தான். நடுக்கடலில் கக்கூஸ் போனால், அது எங்கே போகும்?

அதற்குத்தான் ஹசன் அலி. மேலப்பாளையத்துக்காரர். துபாயில் படகுகளுக்குக் குழாய் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்டார். இங்கே இதுதான் முதல் வேலை. நல்லபடியாக முடிந்தால் நாலு பேர் கூப்பிடுவார்கள். கெட்டால் கெட்டதுதான்.

கழிவெல்லாம் படகுக்கு உள்ளேயே ஒரு தொட்டியில் சேருமாம். கரைக்கு வந்தபிறகு உறிஞ்சி எடுப்பார்களாம். தொட்டி நிரம்ப நிரம்ப, உள்ளே இருக்கிற காற்று வெளியேற ஒரு சின்னக் குழாய், படகின் வெளிப்பக்கம்வரை.

"தொட்டியும் மூச்சு விடணும்லா" என்றார் ஹசன் அலி.

காலையில் கிணற்றுத் தண்ணீர் விட்டுச் சோதித்தார்கள். கழிவைத் தொட்டிக்குத் தள்ளுகிற கைப்பம்பு கொஞ்ச நேரத்தில் கல்லாக இறுகியது. என்ன ஆச்சு என்று கக்கூஸ் பீங்கானுக்குள் எட்டிப் பார்த்தவர் சொரிமுத்து அண்ணாச்சி. மின்வாரியத்தில் ரிட்டயர் ஆனவர், எங்கள் தெருவில் எதையும் எட்டிப் பார்க்காமல் விடமாட்டார். 'களுக்' என்றது. முகம், சட்டை, வேட்டி எல்லாம் நனைந்துவிட்டது. நல்ல தண்ணீர்தான் என்று எவ்வளவோ சொல்லியும், வீட்டுக்குப் போய்த் தலைமுழுகிவிட்டுத்தான் திரும்பி வந்தார்.

"திருஷ்டி. முதல்ல எலுமிச்சம்பழம் சுத்திப் போடுங்க" என்றாள் பக்கத்து வீட்டு முத்துராணி.

சாருக்கு வந்ததே சிரிப்பு. எலுமிச்சம்பழத்தில் ஆரம்பித்து, பூனை, பல்லி என்று ஒன்றையும் விடவில்லை. "குளவி கூடு கட்டினா வீட்டுல பிள்ளை பிறக்கும்னு சொல்லுதிய. அப்ப ஆஸ்பத்திரி எதுக்கு?" என்றார்.

காபி கொண்டுவந்த அவர் மனைவி டார்லின் டீச்சர் தம்ளர்களை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். கல்யாணமாகி எத்தனையோ வருசம் ஆகியும் அவர்களுக்குப் பிள்ளை இல்லை. முத்துராணி சாரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

மூச்சுக் குழாயில்தான் அடைப்பு என்பது எல்லாருக்கும் புரிந்துவிட்டது. ஒரு கம்பியை விட்டுக் குத்தினால் முடிந்தது. ஹசன் அலியும் கம்பியோடு சமையல்கட்டுப் பக்கம் போனார். அங்கேதான் குழாயின் வாய் இருக்கிறது. போனவர் வெகுநேரம் கழித்து வந்தார். கம்பியைக் கீழே போட்டார். டிரில்லை எடுத்தார். தெருப் பக்கம் புது ஓட்டை, புதுக் குழாய்.

யார் என்ன கேட்டாலும் ஒரே பதில். "பழைய வழி சரிப்படாது."

இப்போது பம்பு என்னவோ வெண்ணெயாகத்தான் ஓடியது. சாருக்குத்தான் ஆறவில்லை. தெருமுனைவரை கேட்கிற மாதிரி திட்டிக்கொண்டே இருந்தார். ஹசன் அலி தலையைக் குனிந்துகொண்டு சாமானைத் துடைத்தார்.

சொரிமுத்து அண்ணாச்சி டீக்கடையில் போய்ச் சொன்னார்: "ஒரு குத்துல முடியுத வேலை. பைப்பு விக்கணும்லா, அதுக்குத்தான் ஓட்டை. இந்த ஆளை நம்பி வீட்டுக்குள்ள விடாதிய." சொன்னதோடு நிற்கவில்லை. அந்த ஒரு குத்தைத் தானே குத்திக் காட்டுவதற்காக, திரும்பி வந்து கம்பியைத் தூக்கிக்கொண்டு சமையல்கட்டுப் பக்கம் நடந்தார்.

ஹசன் அலி ஓடிவந்து குழாயின் வாயைக் கையால் மறைத்தார்.

"கையை எடும்வே. உம்ம வண்டவாளம் தெரியட்டும்."

"சத்தம் போடாதிய அண்ணாச்சி. பைய வந்து பாருங்க."

குழாயின் வாயில் ஈரம் காயாத மண். ஒரு குளவி சின்ன உருண்டையோடு வந்து உட்கார்ந்து, மண்ணைப் பூசிவிட்டுப் போனது.

அண்ணாச்சியின் கம்பி தானாகத் தாழ்ந்தது. சமையல்கட்டு ஜன்னலை ஒருதரம் பார்த்துக்கொண்டார்.

"டீச்சருக்குத் தெரியுமா?"

"அவியதான் வந்து சொன்னாவ. கலைச்சிராதிய, சாருக்குத் தெரிஞ்சா சிரிப்பாருன்னு. கண்ணு கலங்கிட்டு."

"அந்த மனுசன் சிரிக்கத்தான் செய்வாரு."

"டீச்சர் உள்ள போகவும் அவரும் வந்தாரு, அண்ணாச்சி."

"வந்து?"

"அதையேதான் சொன்னாரு. கலைச்சிராதேயும், அவளுக்குத் தெரிய வேண்டாம், நான் நம்புதேன்னு தெரிஞ்சா அவ இன்னும் நம்பிருவா, நடக்கலன்னா தாங்க மாட்டான்னாரு. தெருப் பக்கம் வேற ஓட்டை போடும், நான் ஊரு கேக்கத் திட்டுதேன், கோவிச்சுக்கிடாதேயும்னாரு."

படகுக்கு அந்தப் பக்கமிருந்து சாரின் குரல் மறுபடி கிளம்பியது. வேலை தெரியாத ஆளையெல்லாம் துபாய்க்காரன் எப்படித்தான் வைத்திருந்தானோ என்று.

அண்ணாச்சி கம்பியை மடக்கினார். "நான் டீக்கடையில உம்மப் பத்திக் கண்டதையும் சொல்லிட்டு வந்துட்டேனேவே. இப்பப் போயி என்னன்னு மாத்திச் சொல்ல?"

"மாத்த வேண்டாம் அண்ணாச்சி. யாரு கேட்டாலும், எனக்கு வேலை தெரியலன்னே சொல்லிருங்க."