ஒடுகத்தூர் பஸ்ஸுக்கு ஒரு நாற்காலி

ஜாஸ்மின் இப்படி மாறுவாள் என்று அந்த ஷூ கம்பெனியில் யாரும் நினைக்கவில்லை.

சூப்பர்வைசர் தேவசகாயத்தைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள், இரண்டு நாளாக அவர் பின்னாலேயே பேப்பரும் பேனாவுமாக அலைந்தாள்.

டெல்லியில் புது மந்திரிசபை பட்டியல் வந்த அன்றைக்கு ஆரம்பித்தது இது. மத்தியானச் சாப்பாட்டு நேரம். பேப்பரை மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை படித்த தேவசகாயம், கேன்டீன் மேசையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

"வேலூர்ல இருந்து ஆம்பூர் வரைக்கும் ஒருத்தனுக்குக் கூட மந்திரி பதவி இல்ல. ஊர் உலகத்துக்கே நாம ஷூ தைச்சுத் தர்றோம். அவங்க கண்ணுக்கு நாம தெரியல. பிரதமருக்கே மனு எழுதறேன் பாரு."

சும்மா சொல்லக்கூடாது, மனிதர் நன்றாகத்தான் எழுதினார். எழுதியதை நின்றுகொண்டு படித்தும் காட்டினார்.

'மதிப்பிற்குரிய பிரதமர் அவர்களுக்கு. வேலூர், ஆம்பூர் பகுதியில் ஒருவருக்குக் கூட மந்திரிசபையில் இடமில்லை. எங்கள் கை வேண்டும், எங்கள் குரல் வேண்டாமா? பேசி முடிவெடுக்கும் இடத்தில் எங்களுக்கு ஒரு நாற்காலி இல்லையென்றால், எங்கள் பசி அங்கே யாருக்குத் தெரியும்?'

கடைசி வரியை அவரே ரசித்து இரண்டாம் தடவையும் படித்தார்.

"சார், எனக்குக் கையெழுத்து நல்லா இருக்கும். நான் நீட்டா எழுதித் தர்றேன்," என்று முன்னால் வந்தாள் ஜாஸ்மின்.

பக்கத்து மெஷின் குர்ஷித்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னாடி, ஜால்ரா சத்தம் ஜாஸ்தியா இருக்குது? காலைல டிபன் இல்லாம உட்கார்ந்து தைக்கிறோமே, அதுக்கு ஒரு மனு எழுதினியா நீ? நேரா டெல்லிக்குப் போய்ட்டே."

கேட்டதில் தப்பில்லை. இருவரும் ஒடுகத்தூர் பஸ். கம்பெனி பஸ்களில் கடைசியாக வந்து சேர்வது அதுதான். எட்டு இருபத்தைந்துக்கு இறங்கினால் எட்டரைக்கு பெல். கேன்டீனில் பொங்கல் தீர்ந்து அண்டாவைக் கழுவிக்கொண்டிருப்பார்கள். நாற்பது பெண்கள் வெறும் டீயைக் குடித்துவிட்டு மெஷினில் உட்காருவார்கள். போன வாரம் அவர்களில் பிரிசில்லா என்கிறவள் மயங்கியே விழுந்துவிட்டாள்.

கேன்டீன் கமிட்டிக்குச் செயலாளர் இதே தேவசகாயம்தான். நான்கு தடவை சொல்லியாகிவிட்டது. "கமிட்டில வெச்சுப் பேசறேன்மா" என்பார், அதோடு சரி.

"மனு நல்லா இருக்குது குர்ஷித். நல்லா இருந்தா நல்லா இருக்குதுன்னு சொல்லணும் இல்ல," என்றாள் ஜாஸ்மின்.

மறுநாள் மணி மணியான எழுத்தில் இரண்டு மனு கொண்டுவந்து நீட்டினாள்.

"எதுக்கும்மா ரெண்டு?" என்றார் தேவசகாயம்.

"ஒண்ணு டெல்லிக்கு சார். இன்னொண்ணு நம்ம ஆபீசுக்கு. அதுல மூணு இடத்துல மட்டும் மாத்தியிருக்கேன். படிச்சிட்டு முதல் கையெழுத்து நீங்க போடுங்க."

"நான் எழுதினதை நானே படிக்கணுமா?" என்று சிரித்துக்கொண்டே இரண்டிலும் போட்டார். கீழே 'செயலாளர், கேன்டீன் கமிட்டி' என்று பதவியையும் மறக்காமல் சேர்த்தார்.

குர்ஷித் மட்டும் கையெழுத்து போடமாட்டேன் என்று முறுக்கிக்கொண்டாள். ஜாஸ்மின் ஆபீஸ் மனுவை அவள் மடியில் வைத்தாள்.

இரண்டு வரிதான் படித்திருப்பாள். துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு, "பேனா குடு" என்றாள். சாயங்காலம் பஸ்ஸில் மற்றவர்கள் கையெழுத்தை எல்லாம் வாங்கியதும் அவள்தான்.

திங்கட்கிழமை மேனேஜர் சோபனா, தேவசகாயத்தைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் மனு இருந்தது.

"இது நீங்க எழுதினதா சார்?"

"ஒவ்வொரு வார்த்தையும் மேடம்," என்று நிமிர்ந்து உட்கார்ந்தார் தேவசகாயம்.

"படிச்சதும் மனசு ஒரு மாதிரி ஆய்டுச்சு," என்ற சோபனா, வாய்விட்டே படித்தார்.

'மதிப்பிற்குரிய மேனேஜர் அவர்களுக்கு. ஒடுகத்தூர் பஸ்ஸில் ஒருவருக்குக் கூட கேன்டீன் கமிட்டியில் இடமில்லை. எங்கள் கை வேண்டும், எங்கள் குரல் வேண்டாமா? பேசி முடிவெடுக்கும் இடத்தில் எங்களுக்கு ஒரு நாற்காலி இல்லையென்றால், எங்கள் பசி அங்கே யாருக்குத் தெரியும்?'

ஏசி அறையில் தேவசகாயத்துக்கு வேர்த்துக் கொட்டியது.

"கமிட்டியில ஏழு பேரும் உங்க தெருக்காரங்கன்னும், அந்த பஸ்ல வர்றவங்களுக்குக் காலைல டிபனே கிடைக்கிறதில்லன்னும் இதைப் படிச்சிட்டு விசாரிச்சப்பதான் தெரிஞ்சது. தன் கமிட்டி மேல தானே குறை எழுதி, முதல் கையெழுத்தும் போட்ட மனுஷனை இப்பதான் சார் பார்க்கறேன்."

படிக்காமல் போட்டேன் என்று சொன்னால் மானம் போகும். வேறு வழியில்லை.

"ரொம்ப நாளா மனசை அரிச்சுக்கிட்டே இருந்தது மேடம்," என்றார்.

மறுநாள் காலை குர்ஷித் கமிட்டியில் ஒரு ஆள். ஒடுகத்தூர் பஸ் வந்து நின்றபோது நாற்பது பேருக்கும் பொங்கல் தனியாக மூடிவைத்திருந்தது. அவர்கள் சாப்பிட்டு முடிக்க வசதியாக பெல்லும் பத்து நிமிஷம் தள்ளிப் போயிருந்தது.

தேவசகாயம் நேரே ஜாஸ்மினிடம் வந்தார்.

"டெல்லி மனு இன்னாச்சு?"

"நேத்தே தபால்ல சேர்த்துட்டேன் சார். அதுல ஒரு எழுத்து கூட மாத்தல."

"அப்புறம் இதுல மட்டும் ஏம்மா மாத்தினே?"

ஜாஸ்மின் தட்டில் இருந்த பொங்கலை நிதானமாக ஒரு வாய் சாப்பிட்டாள்.

"மூணே இடம்தான் சார். மத்த நியாயமெல்லாம் நீங்க எழுதினதுதான்."